அத்தையோட மஞ்சக் கறை 57ஆம் பக்கத்தோட நின்னு போச்சு

என்னோட மொத நாவல் வெளிய வந்து எட்டு மாசம் ஆகுது. 1954ல பாண்டி பிரெஞ்சுக்காரன் கையிலேர்ந்து இந்தியா கைக்கு மாறுச்சு இல்லையா, அந்தக் கடைசி அஞ்சு மாசத்துல நடக்குற அரசியல் உளவுக் கதை. கதைய எழுதும்போது கத்துக்கிட்டத விட, எழுதி முடிச்சு நாலு பேருகிட்ட படிக்கக் குடுத்து அவங்க சொன்னதக் கேட்டப்ப கத்துக்கிட்டது தான் அதிகம். மொத நாவல எழுதி பீரோவுல வச்சுக்கிட்டு யார்கிட்ட காட்டுறது, காட்டுனா அவங்க சொல்றத எப்படி எடுத்துக்குறதுன்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்களுக்கு ஆகட்டுமேன்னு தான் இத எழுதுறேன்.

ட்ராஃப்ட் 340 பக்கம் வந்துச்சு. ஆபீஸ்ல கணக்கு வேலைய முடிச்சுட்டு வந்து, பசங்க தூங்குனதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா ரெண்டரை வருஷம் எழுதுனது. மிஷன் வீதி பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில 9 காப்பி போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி, 9 பேருக்கு குடுத்தேன். கூட வேலை பாக்குற மூணு பேர், காலேஜ்ல படிச்ச ஃப்ரெண்டு ரெண்டு பேர், போட்டித் தேர்வுக்கு படிச்சுட்டு இருக்கிற எதிர் வீட்டுத் தம்பி, முதலியார்பேட்டையில இருக்கிற ஒரு அண்ணன், எங்க தெருக்கோடியில இருக்கிற சொல்தா தாத்தா, அப்புறம் கடலூர்ல திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கிற எங்க அத்தை. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குறவங்கள நாங்க சொல்தான்னு தான் சொல்வோம்.

மொத மாசம் வந்த பதில் எல்லாம் "சூப்பர்க்கா, அப்படியே சினிமா மாதிரி இருக்கு" தான். சந்தோஷமா தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அத வச்சு ஒரு வரிய கூட திருத்த முடியாதே. என்னைய உண்மையிலயே திருத்துனது எங்க அத்தை, அதுவும் வாயால சொல்லல.

அத்தை மாத நாவலா படிச்சு வளந்தவங்க. சமையல் மேடையில மாவு டப்பா மேல புத்தகத்த சாச்சு வச்சுக்கிட்டு ஒரு கையால தாளிச்சுக்கிட்டே படிப்பாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கடலூர் போய் காப்பிய திருப்பி வாங்குனேன். "ரொம்ப நல்லா எழுதியிருக்க பாப்பா, உங்க மாமா இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு"ன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. பஸ் ஏறி ஜன்னலோரம் உக்காந்து, தவளக்குப்பம் தாண்டும்போது சும்மா பிரிச்சுப் பாத்தேன். வலது பக்கம் கீழ் மூலையில ஒவ்வொரு தாளுலயும் மஞ்சக் கை பட்ட கறை. 12ல எண்ணெய் சொட்டு. 31ஆம் பக்கத்துல ஒரு கறிவேப்பிலை காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. 57ல பெருவிரல் ரேகை அப்படியே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்ச மாதிரி தெளிவா விழுந்திருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. 58லேர்ந்து 340 வரைக்கும் கடையில எடுத்துட்டு வந்த மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு.

அடுத்த வாரமே திரும்பப் போனேன். எப்படி இருந்துச்சுன்னு கேக்கல, எந்த எடத்துல கீழ வச்சீங்க அத்தன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம வெங்காயத்த அரிஞ்சாங்க, அப்புறம் "கோச்சுக்காத, அந்தப் பொண்ணு ரயிலடியில தூக்குவாளியோட நிக்குது, வாளிக்கு அடியில பேரு எழுதுன தாளு இருக்கு, போலீஸ் சிப்பாய் செவப்புத் தொப்பியோட வர்றான், அந்த நேரத்துல வெள்ளக்காரன் எப்ப கப்பல்ல வந்தான் எப்ப கோட்டை கட்டுனான்னு ஆரம்பிச்சுட்ட. விருந்துக்குக் கூப்ட்ட வீட்டுல எலைய போட்டுட்டு சோறு போடாம ஆல்பத்த எடுத்து காட்டுன மாதிரி இருந்துச்சுடி"ன்னாங்க.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பாத்தா நாலரைப் பக்கம். 1674ல பிரான்சுவா மார்த்தேன் வந்தது, நடுவுல டச்சுக்காரன் புடிச்சது, 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சுத் தள்ளுனது எல்லாத்தையும் கொட்டி வச்சிருக்கேன். அவ்ளோ படிச்சோமே வீணாப் போகக்கூடாதேங்கிற ஆசை தான் காரணம், கதைக்கு அது வேணுமான்னு ஒரு தடவ கூட நான் கேட்டுக்கல. மத்த எட்டுப் பேருகிட்டயும் ஒவ்வொருத்தரா போய் அதே கேள்விய கேட்டேன், எங்க கீழ வச்சீங்க, அப்ப என்ன வேலை வந்துச்சுன்னு. நாலு பேரு 55க்கும் 65க்கும் நடுவுல தான் நின்னிருக்காங்க. ஒருத்தர் ஃபோன் வந்துச்சுன்னாரு, ஒருத்தங்க குழந்தை அழுதுச்சுன்னாங்க. ஃபோனும் குழந்தையும் 20ஆம் பக்கத்துலயும் வந்திருக்கும், ஆனா அப்ப திரும்பி வந்து படிச்சிருக்காங்க, 58ல திரும்பி வரல, அவ்ளோ தான் விஷயம். அதனால உங்க கதைய படிச்சவங்ககிட்ட நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. எங்க நிறுத்துனீங்கன்னு கேளுங்க, அதுக்கு பொய் சொல்லத் தோணாது.

அந்த நாலரைப் பக்கத்தையும் தூக்கிட்டேன். அதுக்குப் பதிலா அண்ணன் தம்பி ரெண்டு பேரு சாப்பிட உக்காந்து சண்டை போடுற அரைப் பக்கம். அண்ணன் ரிட்டயர் ஆன சொல்தா, தம்பி இணையணும்னு ஊர்வலம் போறவன். "கொடி மாறுனா என் பென்ஷன எவன்டா குடுப்பான்?"னு அண்ணன் கேக்குறான், தம்பியால பதில் சொல்ல முடியல. அந்த வருஷம் பாண்டியில நெறைய வீட்டுல இருந்த பயம் அது தான். உளவுக் கதைக்கு அரசியல் வேணும், ஆனா அது பாடமா வராம ஒரு ஆளோட வயித்துக் கவலையா வரணும்னு அந்த அரைப் பக்கம் எழுதும்போது தான் எனக்குப் பிடிபட்டுச்சு.

அடுத்தது துரோகி யாருங்கிற விஷயம். இந்த மாதிரி கதைக்கு உயிரே அது தான், அதனால ரெண்டாவது ட்ராஃப்ட்ல ஒரு வேலை பண்ணேன், எல்லாருக்கும் பலன் குடுக்கும். ஒவ்வொரு அஞ்சு அத்தியாயம் முடிஞ்சதும் ஒரு கலர் தாள வச்சு பைண்ட் பண்ணேன், அதுல ஒரே கேள்வி, இப்ப யார் மேல சந்தேகம், ஏன்னு. படிக்கிறவங்க பென்சில்ல எழுதிட்டு மேல போகணும். திரும்பி வந்த காப்பிகள வரிசையா தரையில பரப்பி வச்சுப் பாத்தா எனக்கே ஆச்சரியம், 9ல 7 பேரு பாதிக் கதையிலயே நோட்டரி ஆபீஸ் குமாஸ்தா மேல கை வச்சுட்டாங்க. காரணம் என்னன்னா, வர்ற சீன்ல எல்லாம் அந்தாள வேர்க்க வச்சிருக்கேன். சந்தேகத்த திருப்பி விடணும்னு நான் பண்ணது அளவு மீறிப் போயிடுச்சு, "இவ்ளோ வேர்த்தா கண்டிப்பா இவன் இல்ல"ன்னே ஒரு ஃப்ரெண்டு எழுதி வச்சிருந்தா.

நிஜத் துரோகி ஒரு மில் தொழிலாளி. அவன யாரும் சந்தேகப்படல, அத பாத்து நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன், ஆனா கடைசித் தாள்ல மூணு பேரு கோவமா எழுதியிருந்தாங்க, "இவன் மொத 200 பக்கத்துல ரெண்டு தடவ தான் வந்தான், இது ஏமாத்து வேலை"ன்னு. அதிர்ச்சி வேற, ஏமாத்தம் வேற. முடிவு தெரிஞ்சதும் படிக்கிறவங்க பின்னாடி புரட்டுனா, அட இங்கயே இருந்துச்சே, நாம தான் கவனிக்கலன்னு தோணணும். அதுக்காக மூணு எடத்துல துப்பு வச்சேன். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு: அந்தத் தொழிலாளி கைநாட்டுன்னு ஊரே நம்புது, சம்பளத்துக்கு பெருவிரல் தான் வைக்கிறான், ஆனா டீக்கடை பெஞ்சுல பேப்பர் ஒண்ணு தலைகீழா கெடக்க, பேசிக்கிட்டே அத நேரா திருப்பி வைக்கிறான். ஒரே வரி. படிச்சவங்க எல்லாரும் அத தாண்டிப் போனாங்க, முடிச்சதும் எல்லாருமே திரும்பப் போய் அத தேடுனாங்க.

தகவல் பிழைங்கள பத்தியும் சொல்லணும். எதிர் வீட்டுத் தம்பி ரெண்டே நாள்ல முடிச்சுட்டு வந்து, "அக்கா, உங்க ஹீரோ ரா ஏஜென்ட்டுன்னு போட்டிருக்கீங்க, ரா அமைப்பே 1968 செப்டம்பர்ல தான் ஆரம்பிச்சாங்க, 54ல உளவுத் துறைன்னா ஐபி தான்"ன்னான். எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. பிரெஞ்சு பக்கத்துலயும் அதே கதை, டிஜிஎஸ்இன்னு எழுதியிருந்தேன், அந்தப் பேரு 1982ல வந்தது, 54ல அவங்க உளவு அமைப்புக்கு எஸ்டிஇசிஇன்னு பேரு. சொல்தா தாத்தா இன்னும் நுணுக்கம். நேரு வீதின்னு நான் எழுதுன எடத்துல எல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு "துய்ப்ளே வீதி"ன்னு எழுதியிருந்தாரு, பீச் ரோடுன்னு வந்த எடத்துல "கூர் ஷப்ரோல்". பிரெஞ்சுக்காரன் காலத்துல அந்த வீதிங்களுக்கு அது தான் பேரு.

தாத்தாவுக்கு 54ல பதிமூணு வயசு. எல்லைய தாண்டுற சீன காட்டி, "ஏம்மா, உன் ஆளு ராத்திரி கார்ல ஒரே மூச்சா எல்லைய தாண்டிட்டான்னு எழுதியிருக்கியே, பாண்டிச்சேரி என்ன ஒரே துண்டா?"ன்னாரு. தாள எடுத்து கோடு போட்டுக் காட்டுனாரு. இது நம்ம ஊரு, இது தென்னாற்காடு, மறுபடி நம்ம ஊரு, ஒரு வயலுக்கு இந்த வரப்பு பிரெஞ்சு, அந்த வரப்பு இந்தியா. 1949க்கு அப்புறம் சுங்கக் கெடுபிடி வந்ததும் எல்லையில நின்னு நின்னு தான் போகணுமாம், அவரோட அம்மா முள்ளோடை பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகும்போது தலையில இருக்கிற கூடைய எறக்கி, முறுக்கு டின்னுக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டு தான் விடுவானாம், பாத்த கையோட ரெண்டு முறுக்கையும் எடுத்துக்குவானாம். இத சொல்லும்போது தாத்தா தன்னோட கைய அந்தக் காவக்காரன் கை மாதிரி மடக்கி விட்டு எடுத்துக் காட்டுனாரு. அந்த முறுக்கு டின்னு அப்படியே நாவல்ல போயிடுச்சு, கார் சீன அடிச்சுட்டேன். உங்க கதை நடக்குற காலத்துல உயிரோட இருந்த ஒருத்தர் உங்க தெருவுல இருந்தா, புத்தகத்த குடுத்துட்டு வந்துடாதீங்க, பக்கத்துல உக்காந்து அவங்க விரல் எங்க நிக்குதுன்னு பாருங்க.

நம்ம ஊர்ல எல்லாம் ஒற்றன் இருந்தானா, இதெல்லாம் லண்டன் மாஸ்கோல நடக்குறதுன்னும் ரெண்டு பேரு சொன்னாங்க. எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு. பாரதி 1908லேர்ந்து பத்து வருஷம் இங்க இருந்தப்ப பிரிட்டிஷ் சிஐடிக்காரன் பின்னாடியே சுத்துன ஊரு இது, 1918 நவம்பர்ல அவரு பிரிட்டிஷ் எல்லைக்குள்ள கால வச்சதும் கைது பண்ணி கடலூர் ஜெயில்ல தான் வச்சாங்க. அந்த வரலாற நான் விளக்கப் போகல, ஏற்கனவே 58ஆம் பக்கத்துல பட்டாச்சு. ஒரு கிழவன் பாத்திரத்த வச்சு "எங்கப்பன் பாரதி வீட்டுக்கு யாரு வந்தா யாரு போனான்னு சொல்லி காசு வாங்குனவன், இப்ப நீ என்கிட்ட கேக்குற"ன்னு ஒரு வரி பேச வச்சேன். அதுக்கப்புறம் அந்த சந்தேகத்த யாரும் கேக்கல.

இப்ப சொல்லப் போறது தான் மனச ரொம்ப அறுத்தது. முதலியார்பேட்டை அண்ணன் காப்பிய திருப்பிக் குடுக்க வந்தாரு, உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், வரல. வாசல்லயே நின்னு, "எங்க தாத்தா மில்லுல ஓடாத் தேஞ்ச ஆளும்மா. 36ல சுட்டாங்களே, அன்னிக்கு கூட்டத்துல நின்னவரு. நீ மில்லுக்காரனத் தான் துரோகின்னு எழுதணுமா, வேற ஆளே கெடைக்கலியா?"ன்னு கேட்டுட்டு போயிட்டாரு. 1936 ஜூலை 30ல பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 தொழிலாளிங்க செத்தாங்க, அந்தப் போராட்டத்துக்கு அப்புறம் தான் 8 மணி நேர வேலை வந்துச்சு, இது இங்க புத்தகத்துல இருக்கிற வரலாறு இல்ல, வீட்டுல மாட்டியிருக்கிற ஃபோட்டோ.

மூணு வாரம் நான் அவர எதிர்த்து மனசுக்குள்ளயே வாதாடிக்கிட்டு இருந்தேன், கற்பனைக் கதை தானே, யார வேணா துரோகியா வைக்கலாமேன்னு. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அந்த அத்தியாயத்த எடுத்து சத்தம் போட்டு படிச்சேன், அப்ப தான் வெளங்குச்சு. அந்தத் தொழிலாளி எதுக்கு காட்டிக் குடுக்குறான்? காசுக்கு. அவ்ளோ தான் எழுதியிருக்கேன். அவனுக்கு ஒரு வீடு இல்ல, ஒரு ஆசை இல்ல, கதைக்கு ஒரு துரோகி வேணும்னு ஏழை ஒருத்தன புடிச்சு கையில காச திணிச்சிருக்கேன். அண்ணனுக்கு வலிச்ச எடம் சரி தான், அவர் சொன்ன வைத்தியம் தான் வேற, துரோகிய ஒரு கடைக்காரனா மாத்திடுன்னு அப்புறம் ஃபோன்ல சொன்னாரு. அப்படி மாத்தியிருந்தா இதே காசுக்காரத் துரோகி இன்னொரு வீட்டுக்குப் போயிருப்பான், வலி மட்டும் தெரு மாறியிருக்கும்.

நான் பண்ணது, அவனுக்கு ஒரு தம்பிய குடுத்தேன். பிரெஞ்சுப் படையில சேந்து இந்தோசீனா போனவன். 1954 மே 7ல, வியட்நாம்ல பிரெஞ்சுப் படை இருந்த தியன் பியன் பூ முகாம் விழுந்ததும் அவன் உயிரோட இருக்கானா, கைதியா, செத்தானா, ஒரு தகவலும் இல்ல. பிரெஞ்சு அதிகாரி ஒருத்தன் கூப்ட்டு, உன் தம்பி பத்தி விசாரிச்சு சொல்றேன், நீ எனக்கு யூனியன் ஆபீஸ்ல என்ன பேசுறாங்கன்னு சொல்லுங்கிறான். மொத தடவ அவன் சொல்றது ஒண்ணுமில்லாத விஷயம். ரெண்டாவது தடவ ஒரு பேரு. இத எழுதும்போது எனக்கே அவன வெறுக்க முடியல, ஆனா அவன் பண்ணதும் துரோகம் தான், அத நான் குறைக்கல. கூடவே, அதே அதிகாரி கூப்ட்டும் போகாத இன்னொரு மில்லுக்காரரும் இப்ப கதையில இருக்காரு.

புத்தகம் 300 காப்பி அடிச்சோம். அடிச்ச எடத்துல ஒரு தப்பு நடந்துச்சு, கொஞ்சம் காப்பியில 13ஆவது ஃபார்மா, அதாவது 193லேர்ந்து 208 வரைக்கும் இருக்கிற பதினாறு பக்கக் கட்டு, ரெண்டு தடவ கோத்துட்டாங்க, 14ஆவது காணோம். ஒரு வாசகர் கூப்ட்டு அந்த விசாரணை சீன் ரெண்டாவது தடவ வர்றது நல்ல உத்திங்க, ஆனா அதுக்கப்புறம் தான் தலையும் புரியல வாலும் புரியலன்னாரு. நான் பத்து நாள் கதையில தப்பத் தேடிக்கிட்டு இருந்தேன், அப்புறம் தான் புத்தகத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். காப்பி வந்து எறங்குன அன்னிக்கே பத்து புத்தகத்தையாவது எடுத்து ஒவ்வொரு பக்க நம்பரா புரட்டிப் பாத்துடுங்க. பொம்பள எழுதுன மாதிரியே இல்லன்னு பாராட்டுறதா நெனச்சு சொன்னவங்களுக்கு நான் நன்றி சொல்லல, காசு குடுத்தா நல்ல கருத்தா எழுதித் தர்றோம்னு வந்தவங்களுக்கு வேணாம்னுட்டேன்.

வெளிய வந்ததுக்கப்புறம் வந்த கருத்துல பெரிய சண்டை பாண்டி பக்கத்துல கீழூர்ல நடந்த ஓட்டெடுப்பு பத்தி தான். 1954 அக்டோபர் 18ல கீழூர்ல 178 பிரதிநிதிங்க ஓட்டுப் போட்டாங்க, 170 பேரு இந்தியாவோட இணையலாம்னாங்க, 8 பேரு வேணாம்னாங்க, நவம்பர் 1ல கொடி மாறுச்சு. அந்த 8ல ஒருத்தரா என் கதாநாயகியோட அப்பாவ கற்பனையா வச்சிருக்கேன். நல்ல மனுஷன், படிச்சவரு, பயந்தவரு. கடலூர்லேர்ந்து ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் கூப்ட்டு, எதிர்த்து ஓட்டுப் போட்டவன இவ்ளோ நல்லவனா காட்டுறது தியாகிங்களுக்குப் பண்ற அவமானம்மான்னு முக்கால் மணி நேரம் பேசுனாரு. அதே வாரம் வைசியாள் வீதியிலேர்ந்து ஒரு அம்மா, அவங்க குடும்பத்துல பாதிப் பேரு பிரான்ஸ்ல இருக்காங்க, எங்க ஆளுங்கள கோழைன்னு எழுதிட்டியேம்மான்னு வருத்தப்பட்டாங்க. ரெண்டு பேரும் சொன்னது அதே 14 பக்கம். ரெண்டு பேரையும் முழுசா பேச விட்டு, நோட்டுல எழுதிக்கிட்டேன், ஆனா அந்த அத்தியாயத்துல ஒரு எழுத்த கூட தொட மாட்டேன். ஒரே பக்கம் ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் எதிரெதிர் காரணத்துக்காக வலிக்குதுன்னா, அந்த ஆள நான் சரியா தான் நிக்க வச்சிருக்கேன்னு நம்புறேன். ஒரே காரணத்துக்காக வலிச்சிருந்தா திரும்ப எழுதியிருப்பேன்.

முதலியார்பேட்டை அண்ணன் புத்தகம் வந்த அன்னிக்கே ரெண்டு காப்பி வாங்கிட்டுப் போனாரு, காசு வேணாம்னு சொல்லியும் கையில திணிச்சுட்டுப் போனாரு. ஒரு வார்த்த சொல்லல. போன மாசம் மார்க்கெட்ல அவங்க அம்மாவ பாத்தேன். அவங்களுக்கு கண்ணு சரியா தெரியாது, மகன் தெனம் ராத்திரி சாப்பிட்டதும் கொஞ்சம் கொஞ்சமா படிச்சுக் காட்டுறாராம். கீரைக்கட்ட கையில வச்சுக்கிட்டே என் முழங்கைய புடிச்சு நிறுத்தி, "அந்தத் தம்பிகிட்டேர்ந்து கடுதாசி வருமா வராதா, அத மட்டும் சொல்லிட்டுப் போ"ன்னாங்க. சொல்லல. அவங்களும் விடல, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாங்க.

ரெண்டாவது பதிப்புக்கு திருத்தம் எழுதுற நோட்டுல இதுவரைக்கும் 17 சேந்திருக்கு. கடைசியா வந்தது சொல்தா தாத்தாவோடது, 211ஆம் பக்கத்துல ஒரு எடத்துல இன்னும் நேரு வீதின்னே கெடக்காம்.